புதைந்திருக்கும் இணைப்பை அளப்பது எப்படி?

சாலையோரம் பள்ளம் தோண்டி ஆப்டிகல் ஃபைபர் கேபிள் புதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய டிரம்மில் சுற்றி வரும் அந்தக் கேபிள் சில கிலோமீட்டர் நீளம்தான் இருக்கும். அது தீர்ந்ததும் அடுத்த கேபிளை அதோடு இணைக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் நடுவே சுமார் 9 மைக்ரான் அகலமுள்ள ‘கோர்’ வழியாகத்தான் ஒளி போகும். இரண்டு இழைகளின் கோர்களும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். ஊழியர் மேலுறையை உரித்து, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைப்பார். மெஷின் முனைகளை நேராக்கி, மின்பொறியால் உருக்கி ஒட்டிவிடும். தூசி ஒட்டியிருந்தாலோ, வெட்டு சாய்ந்திருந்தாலோ அந்த இடத்தில் ஒளி கசியும்.

இழப்பை டெசிபெல்லில் சொல்வார்கள். 3 டெசிபெல் போனால் பாதி ஒளி போய்விட்டது என்று பொருள். நல்ல இணைப்பில் 0.1 டெசிபெல்லுக்கும் குறைவாகவே போகும். 0.1 என்றால் நூற்றுக்கு இரண்டு பங்கு சொச்சம்.

சரி, 20 கிலோமீட்டர் தள்ளி மண்ணுக்கடியில் இருக்கும் இணைப்பை இங்கே உட்கார்ந்தபடி எப்படி அளப்பது? அதற்கு ஓடிடிஆர் என்றொரு கருவி இருக்கிறது. அது இழைக்குள் மிக மிகக் குறுகிய நேரம் ஒளியை அனுப்பும். பனிமூட்டத்தில் டார்ச் அடித்தால் கொஞ்சம் வெளிச்சம் நம் பக்கமே திரும்புமே, அப்படிக் கண்ணாடிக்குள்ளும் வழிநெடுக ஒளி சிதறி, துளித்துளியாகத் திரும்பி வரும். கண்ணாடியில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தூரத்திலிருந்தும் திரும்பிய ஒளியின் அளவைக் கருவி திரையில் ஒரு சரிவுக்கோடாக வரையும். இணைப்பு இருக்கும் இடத்தில் கோடு படிபோல இறங்கும். அந்தப் படியின் உயரம்தான் இழப்பு. (இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். இழையின் முனைக்குள் ஒருபோதும் எட்டிப் பார்க்காதீர்கள்!)

எனக்கு மிகவும் பிடித்த புதிர் இனிதான் வருகிறது. சில இணைப்புகளில் கோடு இறங்காமல் மேலே ஏறும்! ஒட்டிய இடத்தில் ஒளி எப்படிக் கூடும்? கூடவில்லை. இரண்டாவது இழை முதல் இழையைவிட அதிக ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அதே இணைப்பை எதிர்முனையிலிருந்து அளந்தால் இழப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் இரு முனைகளிலிருந்தும் அளந்து சராசரி எடுப்பார்கள். இந்தப் பக்கம் 0.05 டெசிபெல் ஏற்றம், அந்தப் பக்கம் 0.15 இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். 0.15-லிருந்து 0.05-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் 0.05. இதுதான் உண்மையான இழப்பு. இது அளவுக்கு மீறியிருந்தால், ஒட்டிய இடத்தை வெட்டிவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.