தில்லை மரத்தின் பெயருக்கு எது ஆதாரம்?

எனக்கு மேல்பட்டாம்பாக்கம். சிதம்பரத்துக்குக் கோயிலுக்குப் போனால் பிச்சாவரத்துக்கும் ஒரு நடை போய் வருவோம். தில்லை மரத்தை அங்கேதான் முதலில் பார்த்தேன். "பால் கண்ணுல பட்டா அவ்ளோதான் தம்பி, கிளைய ஒடிக்காதீங்க" என்றார் படகுக்காரர்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம். அறிவியல் பெயர் எக்ஸ்கோகேரியா அகலோச்சா. 1759-இல் லின்னேயஸ் வைத்தது. முதல் சொல் கண்ணைக் குருடாக்குவது. இரண்டாவது அகில் கட்டையைக் குறிப்பது. தில்லைக்கும் அகிலுக்கும் சம்பந்தமே இல்லை, பழைய குழப்பம். தப்பான பெயரை மாத்தலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பெயரின் அர்த்தத்தை விதிகள் கண்டுகொள்வதில்லை. அது எந்த மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் பார்க்கும். அதுதான் வகைமாதிரி.

1958 ஜனவரி 1 முதல் புது இனத்துக்குப் பெயர் வைப்பவர் வகைமாதிரியையும் சுட்டியாக வேண்டும். லின்னேயஸ் காலத்தில் அந்த வழக்கம் இல்லை. அதனால் பின்னால் வந்தவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்தது லெக்டோடைப். நன்றாகப் பூத்த கிளையாகப் பார்த்து எடுத்துவிட முடியாது. பெயர் வைத்தவர் எதை ஆதாரமாக வைத்து எழுதினாரோ, அதற்குள்தான் தேட வேண்டும்.

லின்னேயஸ் ஆசியாவுக்கு வந்ததே இல்லை. தில்லைக்கு அவர் சான்றாகக் காட்டியது ரம்ஃபியஸின் புத்தகத்தை. ரம்ஃபியஸ் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்தவர். 1670-இல் அவருக்குப் பார்வை போனது (காரணம் தில்லைப்பால் இல்லை, கண்நோய்). 1687 தீ விபத்தில் படங்கள் எரிந்தன, திரும்ப வரையவைத்தார். 1692-இல் கையெழுத்துப்படியை ஏற்றிப்போன கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். நல்லவேளை, ஒரு நகல் தனியாக இருந்தது. அவர் 1702-இல் இறந்து, 1741-இல்தான் அச்சு தொடங்கியது. தில்லையின் வகைமாதிரி அந்தப் புத்தகத்துப் படம்தான். செடியே இல்லை!

படத்தில் என்ன சிக்கல் என்றால், அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியாது, பூவைப் பிரித்து லென்ஸில் பார்க்க முடியாது. படம் தெளிவில்லை என்றால், துணைக்கு ஓர் உலர்செடியை எபிடைப்பாக வைக்க விதி இடம் தருகிறது. ரம்ஃபியஸ் சொன்ன செடிகளை அதே தீவில் தேடிச் சேகரிக்க 1913-இல் சார்லஸ் ராபின்சன் போனார்; அந்த டிசம்பரில் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் சேகரித்ததை வைத்து மெரில் 1917-இல் புத்தகம் எழுதினார்.

அம்போன் மரமும் பிச்சாவரம் மரமும் வேறுவேறு இனம் என்று நாளைக்கு ஒருவர் நிரூபித்தால், பெயர் அம்போன் மரத்தோடு போய்விடும். நம்ம மரம் தலமரமாச்சே என்று சொல்லி நிறுத்த முடியாது. வேறு பெயர்தான் தேட வேண்டும். நடக்கும் என்று சொல்லவில்லை, விதி அப்படி.

அடுத்த முறை போனால் பூவைக் கவனியுங்கள். தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மஞ்சளாக நீளக் கதிர் தொங்கினால் ஆண். கதிர் குட்டையாகி, மூன்று பிளவுக் காய் இருந்தால் பெண். ஒடிக்க மட்டும் வேண்டாம்.