'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதிவிட்டால் போதுமா?

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு கோல்ஃப் டிரைவிங் ரேஞ்சுக்கு, அதாவது வரிசையாக நின்று பந்தடித்துப் பழகும் இடத்துக்கு, போயிருந்தேன். பத்து வயதுப் பையன். இரண்டு அடி அடித்ததும் ஒரு பந்து பாயிலிருந்து உருண்டு பக்கத்துத் தடத்துக்குப் போனது. எடுக்கக் குனிந்தான். அங்கே நின்றவர் மட்டையைப் பின்னால் ஓங்கிவிட்டிருந்தார். கூடை தூக்கிக்கொண்டிருந்த ஊழியர் பாய்ந்து பையனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மட்டை அவன் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ரசீதை முழுதாகப் படித்தேன். அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி: காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்குழியின் அகலத்தை ஒட்டிய அளவு அது. சுமாராக ஆடுபவர் பெரிய மட்டையால் அடித்தாலே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். விளிம்பில் பட்டால் நேரே போகாமல் பக்கவாட்டில் தெறிக்கும். அதனால்தான் தடங்களுக்கு நடுவே தடுப்பு, தரையில் கோடு, பக்கங்களில் வலை எல்லாம் வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கோ பந்தைவிட மட்டையே பெரிய ஆபத்து. அருகில் நின்று மண்டையோட்டில் அடிபடும் பிள்ளைகள்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

இடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டவெளியில், கையில் உலோகக் கம்பி. இடிச் சத்தம் காதில் விழுந்தால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். பக்கச் சுவர் இல்லாத கூரை மின்னலுக்குப் பாதுகாப்பாகாது.

சரி, அடிபட்டுவிட்டால்? அந்த ஒரு வரியைக் காட்டினாலே பலர் வாயடைத்துப் போகிறார்கள். போக வேண்டியதில்லை. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலின் ஊழியரிடம் நிறுத்தச் சொல்லிக் கொடுத்த கார் திருட்டுப் போன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. அது கார் வழக்குதான். ஆனால் ரேஞ்சிலும் கேட்க வேண்டிய கேள்வி அதே: நிர்வாகம் செய்ய வேண்டியதைச் செய்ததா? ஸ்காட்லாந்தின் நிட்ரி காசில் மைதானத்தில் ஒருவர் பந்து பட்டுக் கண்ணை இழந்த வழக்கின் மேல்முறையீட்டில், எச்சரிக்கைப் பலகை வைக்காத மன்றத்தின் மீது 80 சதவீதப் பொறுப்பும் பந்தை அடித்தவர் மீது 20 சதவீதமும் விழுந்தன. அடிப்பவரும் தப்புவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் வழி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. நீங்கள் காசு கட்டி அழைத்துப்போன பிள்ளையும் சேவையைப் பெறுபவர் என்ற முறையில் நுகர்வோரே. நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, கட்டிய கட்டணத்தை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது முடிவாகும். ஆகவே ஒரு கூடை நிறையப் பந்துகளுக்குக் கட்டிய சில நூறு ரூபாய், மாவட்ட ஆணையத்துக்கே போகும். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். ஆனால் ரேஞ்சுக்கு வெளியே தெருவில் போகிறவர் மேல் பந்து விழுந்தால் அவர் நுகர்வோர் ஆகமாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆதாரம் அன்றைக்கே திரட்டினால்தான் உண்டு. ரசீது, கிழிந்த வலை, அழிந்துபோன கோடு எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஆஸ்பத்திரியில் 'தவறி விழுந்தேன்' என்று சொல்லிவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லி விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும்; அதை எடுத்து வைக்கும்படி நிர்வாகத்துக்கு அன்றே எழுத்தில் கொடுங்கள். மின்னஞ்சலே போதும்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நாம் ஒரு மணி நேரம் நின்று அடித்துவிட்டு வந்துவிடுகிறோம். பந்து பொறுக்குபவர் நாள் முழுக்க நமக்கு எதிரே நிற்கிறார். அன்று எங்கள் பையனை இழுத்துக் காப்பாற்றியவர், கொஞ்ச நேரத்தில் கையில் கூடையோடு புல்லில் இறங்கினார். தலையில் வெறும் துணித் தொப்பி. இரண்டு தடங்களில் அடி நிற்கவே இல்லை. வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-இலேயே இங்கே சட்டமாகிவிட்டது. 'கான்ட்ராக்ட் ஆள்' என்று சொல்லி நிர்வாகம் கைகழுவவும் முடியாது. முதலில் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். காயத்தை வருகைப் பதிவேட்டோடும் சாட்சியோடும் எழுத்தில் தெரிவித்து, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அன்று அவர் புல்லில் இறங்கியதும் நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், 'ஆள் உள்ளே இருக்கார் சார், கொஞ்சம் நிறுத்துங்க' என்றேன். நிறுத்தினார்கள். அவர் கூடையை நிரப்பிக்கொண்டு திரும்ப ஏழெட்டு நிமிடம் ஆனது.