இயந்திரத்தின் மூச்சு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல்)

மனிதன் உணவின்றிச் சில நாட்கள் உயிர் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் நிலையும் அதுவே. பெட்ரோல் போட்டால் வண்டி ஓடும் என்கிறோம். ஆனால் அந்தப் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். எரிந்த புகை வெளியேற வழி வேண்டும். இவ்விரண்டையும் நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

நம் கல்லூரி வாசலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். சிலவற்றில் சைலன்சர் மாற்றப்பட்டிருக்கும். சிலவற்றில் ஏர் ஃபில்டரே இருக்காது. "சத்தம் கூடினால் பிக்கப் கூடும்" என்பது நண்பர்கள் பலரின் நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை நாம் படிக்கும் இயற்பியலைக் கொண்டே ஆராய்வோம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 740 கிராம். ஒரு லிட்டர் காற்றின் நிறையோ சுமார் 1.2 கிராம்தான். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும்!

சென்னைத் திருவொற்றியூரில் பல்லாண்டுகள் உருவாகிய புல்லட் 350 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய இயந்திரத்தில் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இட்டால் 346 சி.சி. கிடைக்கும். இயந்திரம் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போது, நான்கு வீச்சு இயந்திரமாதலால் 2,000 முறை காற்றை இழுக்கும். முழுமையாக நிரம்பினால் நிமிடத்துக்கு 692 லிட்டர். ஒவ்வொரு இழுப்புக்கும் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அவசரத்தில் சிலிண்டர் முழுமையாக நிரம்புவது அரிது. ஃபில்டர், கார்புரேட்டர், வால்வு ஆகிய ஒவ்வொன்றும் காற்றுக்குத் தடைதான். இத்தடையைக் குறைத்தால் கூடுதல் காற்று உள்ளே போகும். அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோலும் சேர்ந்தால் கூடுதல் திறன் கிடைக்கும். பந்தய வண்டிக்காரர்கள் செய்வது இதைத்தான். ஆகவே நண்பர்களின் நம்பிக்கையில் ஒரு துளி உண்மை உண்டு.

வெறும் குழாய் அன்று

இனிப் புகை வெளியேறும் பக்கம் வருவோம். வெளியேற்று வால்வு திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாயின் திறந்த முனையை அடைந்ததும் அந்த அலை, அழுத்தம் குறைந்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. ஒலியியல் பாடத்தில் திறந்த குழாயைப் பற்றி நாம் படித்தது இதுவே. அவ்வலை சரியான நேரத்தில் வால்வை அடைந்தால் மிச்சமுள்ள புகையையும் உறிஞ்சி இழுத்துவிடும். புதுக் காற்று எளிதாக நுழையும். நேரம் தவறினால் பயனில்லை. எனவே குழாயின் நீளமும் விட்டமும் குறிப்பிட்ட வேகத்துக்கென்று கணக்கிடப்பட்டவை.

இந்த உண்மையை உலகுக்கு மெய்ப்பித்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். டூ ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு இயந்திரத்துக்கு, முதலில் விரிந்து பின்பு குறுகும் குழாயை அவர் செம்மைப்படுத்தினார். விரியும் பகுதி புகையை உறிஞ்சும். குறுகும் பகுதி, தப்பியோடும் புதிய கலவையைத் திருப்பி உள்ளே தள்ளும். 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய வண்டி 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டில் அவ்வணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் அந்நாட்டிலிருந்து தப்பிச் சென்று சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகிக்கு 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் கிடைத்தது. ஒரு குழாயின் வடிவத்துக்கு எத்தனை மதிப்பு பாருங்கள்!

சத்தம் வேறு, சக்தி வேறு

அப்படியானால் கடையில் வாங்கும் சத்தமான சைலன்சரை மாட்டினால் போதாதா? போதாது. தடை குறைந்து காற்று கூடினாலும், பெட்ரோலின் அளவு பழையபடியே இருந்தால் கலவை மெலிந்துவிடும். இயந்திரம் சூடேறும்; முற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டையும் மாற்றினால்தான் கணக்கு ஒத்துவரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இது விளங்கும்: வெளிர் பழுப்பு நிறம் நல்லது; வெளுத்திருந்தால் கலவை மெலிவு; கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி.

மேலும், இத்தகைய மாற்றத்தின் பயன் பெரும்பாலும் மிகு வேகச் சுழற்சியில்தான் தெரியும். குறைந்த வேகத்தில் இழுவை குறைவதும் உண்டு. காதைப் பிளக்கும் சைலன்சரின் ஒலி ஆற்றல்கூடச் சில வாட்டுகளே. ஒரு குதிரைத்திறன் என்பதோ 746 வாட்டுகள். சத்தத்தைக் கேட்டு சக்தியை அளப்பது, அண்டாவின் ஓசையைக் கேட்டு அதிலுள்ள சோற்றை அளப்பது போன்றதாகும்.

நம் கடற்கரைக்கு எது பொருந்தும்?

நம் பகுதியின் காற்று வெறும் காற்றன்று. மணலும் உப்பும் கலந்த காற்று. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறக்கப்பட்டது. அச்சாலையில் சென்றவர்களுக்கு, காற்று எப்படி மணலை வாரி இறைக்கிறது என்பது தெரியும். கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுகோலில் மணலிலுள்ள குவார்ட்சின் மதிப்பு 7. அலுமினியப் பிஸ்டன் அதனினும் மிக மென்மையானது. ஃபில்டரைக் கழற்றுவது, சிலிண்டருக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தந்தையார் நாள்தோறும் விடியுமுன் பாம்பன் பாலத்தைக் கடந்து, மொபெட்டில் மீன் பெட்டி ஏற்றிச் சென்று விற்பவர். நான்கு வீச்சு வண்டி. பட்டறை ஒன்றில், "காற்று தாராளமாகப் போகட்டும் அண்ணே" என்று சொல்லி ஃபில்டரை எடுத்துவிட்டார்கள். சில நாட்கள் வண்டி சீறிக்கொண்டு ஓடியது. ஓராண்டு நிறைவதற்குள் ரிங்குகள் தேய்ந்து நீலப் புகை கிளம்பியது. சிலிண்டரைப் போர் செய்து புதுப் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. வண்டி பட்டறையில் நின்ற நாட்களில் எங்கள் வீட்டில் வருமானமும் நின்றது. என் பருவக் கட்டணத்துக்கென எடுத்து வைத்திருந்த பணம்தான் பிஸ்டன் ஆயிற்று. மீன் பெட்டி சுமக்கும் வண்டிக்கு வேண்டியது பந்தய வேகமன்று. நிதானமான இழுவையும் நீண்ட ஆயுளுமே.

சைலன்சருக்கும் இங்கே சோதனைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. கரையிலிருந்து ஏலக்கூடம் வரை மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்கு சூடேறாததால் அந்நீர் உள்ளேயே தங்கி அரிக்கிறது. வெளியே உப்புக் காற்று அரிக்கிறது. ஆகவே அவ்வப்போது வண்டியைச் சற்றுத் தொலைவு ஓட்டுவதும், சைலன்சரின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடைப்பதும் நலம். பழைய இரு வீச்சு வண்டியாயின் சைலன்சரில் அடைந்த கரியை எடுத்தாலே இழந்த பிக்கப் திரும்பும். ஃபில்டர் ஸ்பஞ்சானால் கழுவி உலர்த்தி எண்ணெய் தோய்த்துப் பிழிந்து மாட்டலாம். தாளானால் கழுவாமல் உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

சட்டமும் இதில் கருத்தாக உள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 வண்டிகளில் நச்சுப் புகையை மாற்றும் வினையூக்கியும் புகைப்பாதையிலேயே அமைந்துள்ளது. சைலன்சரை வெட்டி எறிபவர் பலவேளை அதையும் சேர்த்தே எறிகிறார்.

இழுப்பதும் விடுவதும் ஒன்றோடொன்று இசைந்தால்தான் மூச்சு. ஒன்றை மட்டும் திருத்தினால் அது மூச்சுத்திணறல். நண்பர்களே, அடுத்த முறை பட்டறைக்குச் செல்லும்போது புதுச் சைலன்சரின் விலையைக் கேட்குமுன், ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். வண்டியின் ஆயுளும், அதை நம்பியிருக்கும் வீட்டின் அடுப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.