கார்பன் தாளா, பூட்டி வைத்த பேரேடா?

தோட்டத்து ஆபீசைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். கிராணியார் தாளுக்கு அடியில் நீலக் கார்பனைச் செருகி, அழுத்தி எழுதுவார். மேலே எழுதுவது கீழேயும் விழும். மேலே 7 என்று எழுத வேண்டிய இடத்தில் 1 என்று எழுதிவிட்டால்? கீழேயும் அதே தவறுதான்! ஆனால் போன மாதக் கணக்கை முடித்து அலமாரியில் பூட்டி வைத்த பேரேடு அப்படியல்ல. இன்று நடந்த தவறு அதைத் தொடாது. சம்பளக் கணக்கில் தகராறு வந்தால் அந்தப் பேரேட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

கணினியைப் பற்றி எழுத வந்துவிட்டு இதென்ன பழங்கதை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது, வாசகர்களே. இன்று நம்மில் பலர் கணினியில் கார்பன் தாளை வைத்துக்கொண்டு, அதைப் பூட்டி வைத்த பேரேடு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சகோதரிக்கு நேர்ந்தது

பீடோங் பக்கம் எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் இருக்கிறார். தோட்டம் கைமாறிய பின் குடும்பத்தோடு தாமானுக்குக் குடிவந்தவர். வீட்டு முன்கூடத்தில் ஒரே ஒரு கணினி. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீசு, கருமகிரியை அறிவிப்பு என்று தட்டெழுதிக் கொடுத்து, அதில் வரும் வெள்ளியில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்.

அவருடைய வேகம் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். ஆனால் அந்த வேகம் கையில் மட்டும் இல்லை, கணினிக்குள்ளும் இருந்தது. 'நிம' என்று தட்டினால் 'நிகழும் மங்களகரமான' என்று முழுதாக வந்து நிற்கும். குடும்பப் பெயர்கள், கோயில் பெயர்கள், மண்டப முகவரிகள் எல்லாவற்றுக்கும் இப்படிச் சுருக்கங்கள். ஏழு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. இப்படி நம் கைக்கேற்ப நாம் பழக்கி வைத்திருப்பதைத்தான் கணினிக்காரர்கள் அமைப்புகள், அதாவது 'செட்டிங்ஸ்' என்கிறார்கள்.

உறவுக்காரப் பையன் ஒருவன் நல்ல எண்ணத்தோடு, அந்த அமைப்புகள் இருக்கும் கோப்புறையை இணையக் கிடங்கு ஒன்றோடு இணைத்து வைத்தான். "இனிப் பயமில்லை அத்தை, எல்லாம் தானாக மேலே போய்ச் சேர்ந்துவிடும்" என்றான்.

ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், கணினி மெதுவாக ஓடுகிறதென்று மகன் வேண்டாத கோப்புகளைத் துடைத்தான். பெயர் புரியாத அந்தக் கோப்புறையும் போயிற்று. இங்கே போன சற்று நேரத்தில் மேலேயும் போயிற்று! ஆடியில் கல்யாண வேலை இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. ஆவணி பிறந்து பத்திரிகை வேலை குவிந்தபோதுதான் 'நிம' என்று தட்டியது 'நிம' என்றே நின்றது. கிடங்கின் குப்பைத்தொட்டியில் தேடினார்கள். அதன் தவணையும் முடிந்து காலியாகிக் கிடந்தது.

"இரண்டு இடத்தில்தானே இருந்தது? எப்படி இரண்டும் போச்சு?" என்று அவர் கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது.

இரண்டும் ஒன்றல்ல

அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான். அவரிடம் இருந்தது ஒத்திசைவு. 'சிங்க்' என்பார்கள். இரண்டு இடங்களை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பது அதன் கடமை. இங்கே ஒன்றைச் சேர்த்தால் அங்கே சேர்க்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழிக்கும். இங்கே கெட்டால் அங்கேயும் கெடுக்கும். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது!

அவருக்கு வேண்டியிருந்தது காப்புப்பிரதி. 'பேக்கப்' என்பார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லாம் எப்படி இருந்தனவோ, அப்படியே தேதி போட்டுத் தனியே எடுத்து வைப்பது. பிறகு கணினியில் என்ன நடந்தாலும் அந்தப் பிரதி அசையாது.

அப்படியானால் ஒத்திசைவு வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பள்ளியில் ஒரு கணினி, வீட்டில் ஒரு கணினி வைத்திருக்கும் ஆசிரியருக்கு அது பெரிய உதவி. கைத்தொலைபேசியில் குறித்த எண் கணினியிலும் தெரிய வேண்டுமா? அதற்கும் அதுதான் வழி. ஆனால் ஒற்றைக் கணினிக்கு ஜோடி எங்கே? எதை எதனோடு ஒத்துப்போகச் செய்வது? அங்கே வேண்டியது 'நேற்று எப்படி இருந்தது' என்று திரும்பிப் பார்க்கும் வசதி.

இணையக் கிடங்குகள் கொஞ்சம் கருணை காட்டுவது உண்மைதான். வீட்டு உபயோகத்துக்கான ஒன்டிரைவிலும் கூகல் டிரைவிலும் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். ஆனால் இழந்ததை நாம் 40ஆம் நாள் அல்லவா கண்டுபிடிக்கிறோம்? அமைப்புகள் தினமும் கண்ணில் படுகிற பொருள் அல்ல. போனது தெரியாமலே போய்விடும்.

பிக்சாரின் பாடம்

பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்ற கேலிச்சித்திரப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் வரிசையாக அழியத் தொடங்கின. சரி, காப்புப்பிரதி இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை! அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்தவர். அவர் வீட்டுக் கணினியில் படத்தின் பிரதி ஒன்று இருந்தது. நிறுவனத்துக் கணினியோடு ஒவ்வொரு நொடியும் ஒத்துப்போகாமல், அவ்வப்போது மட்டும் புதுப்பித்த பிரதி. அதனால்தான் அழிவு அதை எட்டவில்லை. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். படம் 1999இல் வெளிவந்தது.

தண்ணீர் கேட்டுக்கொண்டு வராது

இன்னொரு பாடம் நம் கெடாவிலேயே இருக்கிறது. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டத்துக் கூப்பாங் வட்டாரத்தில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் சேற்றையும் மரங்களையும் வீடுகளுக்குள் தள்ளியது. உயிர்களும் போயின. அப்படி ஒரு நாளில் கணினியும், அதே மேசை இழுப்பறையில் வைத்த பிரதியும் சேர்ந்தேதான் நனையும். ஆகவே ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய கணக்கு ஒன்று உண்டு: 3, 2, 1. மொத்தம் 3 பிரதிகள். 2 வேறு வகைச் சாதனங்களில். 1 வேறு இடத்தில். மூலமும் அந்த மூன்றில் ஒன்று. ஆக, நீங்கள் புதிதாகச் செய்ய வேண்டியவை இரண்டே!

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அமைப்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆவணங்களை மட்டும் நகலெடுத்தால் அவை வாரா. விண்டோஸ் கணினியில் பல மென்பொருள்கள் அவற்றை உங்கள் பெயரிலுள்ள கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா' என்ற மறைவான இடத்தில் வைக்கின்றன. மேக் கணினியில் 'லைப்ரரி' என்ற இடம். நகலெடுக்குமுன் அந்த மென்பொருளை மூடிவிடுங்கள்.

2. மென்பொருளிலேயே 'எக்ஸ்போர்ட்' என்ற கட்டளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். உலாவியில் குறித்து வைத்த முகவரிகள் எல்லாம் இப்படி ஒரே கோப்பாக வந்துவிடும்.

3. தமிழ் எழுத்துருக்களை மறக்காதீர்கள்! நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலம் முதல், யூனிகோடு பரவும் வரை, தமிழ்க் கணினியில் பலவகைக் குறியீடுகள் இருந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அலங்கோலமாகத் தெரியும். கோப்பு இருந்தும் படிக்க முடியாது.

4. விரலிச் சேமிப்பிலோ வெளி வன்தட்டிலோ தேதியைப் பெயராக வைத்து நகலெடுங்கள். அடுத்த மாதப் பிரதியைப் பழையதன் மேலேயே எழுதாதீர்கள். மூன்று மாதத்துப் பிரதிகளாவது தனித்தனியே இருக்கட்டும். எடுத்து முடித்ததும் சாதனத்தைக் கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட 'வான்னகிரை' போன்ற நச்சுநிரல்கள், கணினியோடு மாட்டியிருக்கும் சாதனத்தையும் விட்டுவைக்கமாட்டா.

5. தானாக எடுக்கும் வசதி வேண்டுமா? மேக் கணினியில் 2007 முதல் உள்ள 'டைம் மெஷின்' பழைய நாள்களை அமைப்புகளோடு சேர்த்துத் தனித்தனியே வைத்திருக்கும். விண்டோஸில் 2012இல் வந்த 'ஃபைல் ஹிஸ்டரி' வழக்கமாக ஆவணங்கள், படங்கள் போன்றவற்றையே கவனிக்கும். அமைப்புகளை நீங்கள்தான் தனியே எடுக்க வேண்டும்.

6. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத பெட்டிக்குள் பணம் இருக்கிறதென்று யார் உறுதி சொல்வது?

அந்தச் சகோதரி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் பிரதி எடுக்கிறார். ஒன்று வீட்டு அலமாரியில். இன்னொன்று கூலிமில் உள்ள தங்கை வீட்டில். இணையக் கிடங்கையும் அவர் விட்டுவிடவில்லை. தேதி போட்ட பொட்டலமாக ஒரு பிரதியை அங்கே ஏற்றி வைக்கிறார், கணினியோடு இணைக்காமல்!

மொத்தம் பத்து நிமிட வேலை. கிராணியார் பேரேட்டை மூடிச் சாவியைத் திருப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உங்கள் வீட்டுக் கணினியில் யாருடைய உழைப்பு சேர்ந்திருக்கிறதென்று இன்றிரவு ஒரு முறை யோசித்துப் பாருங்கள். பிறகு அந்தச் சாவியைத் திருப்பிவிடுங்கள்.