உயிரியல் பூங்காக்கள்: தலைமை, பன்மை, திட்டம்

உயிரியல் பூங்கா ஒன்றின் வெற்றியை எதனைக் கொண்டு அளப்பது? நுழைவாயிலில் விற்பனையாகும் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்து வந்துள்ளது. எண்ணுவதற்கு எளிது என்பதைத் தவிர இவ்வளவுகோலுக்கு வேறு சிறப்பில்லை. வருவாய் பெருகும் அதே ஆண்டில் பூங்காவின் உண்மையான செல்வம் கரைந்துகொண்டிருக்கக் கூடும். அச்செல்வம் எது, அதனைக் காப்பதற்கு எத்தகைய நிர்வாகம் தேவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காட்சியிலிருந்து காப்புக்கு

சென்னையில் 1855ஆம் ஆண்டிலும், கல்கத்தாவின் அலிப்பூரில் 1876ஆம் ஆண்டிலும், மைசூரில் 1892ஆம் ஆண்டிலும் விலங்குக் காட்சிச் சாலைகள் தோன்றின. அரிய விலங்குகளை மக்களுக்குக் காட்டுவதே அன்றைய முதன்மை நோக்கம். விடுதலைக்குப் பின்னர் தில்லியில் 1959ஆம் ஆண்டிலும், ஐதராபாத்தில் 1963ஆம் ஆண்டிலும் பரந்த நிலப்பரப்பில் பூங்காக்கள் திறக்கப்பட்டன. எனினும், இவை அனைத்துக்கும் பொதுவான சட்ட நெறி நெடுங்காலம் அமையவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டு, அதன்வழி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் நிறுவப்பட்டது. ஆணையத்தின் அங்கீகாரமின்றி எந்தப் பூங்காவும் இயங்கலாகாது என்பது விதி. நாட்டின் உயிர்வளத்தைக் காக்கும் முயற்சிக்குத் துணைநிற்பதே பூங்காக்களின் தலையாய நோக்கம் என்று 1998ஆம் ஆண்டின் தேசிய உயிரியல் பூங்காக் கொள்கை வரையறுத்தது.

பன்மை என்னும் முதலீடு

பூங்காவின் முதலீடு அதன் விலங்குகளிடையே உள்ள மரபியல் பன்மையாகும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இனப்பெருக்கத்தில் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்குகொள்ளும் விலங்குகள் 50 எனின், ஒரு தலைமுறையில் இழக்கப்படும் பன்மை ஏறத்தாழ 1 விழுக்காடு. அவை 5 அளவினதாயின் இழப்பு 10 விழுக்காடு. ஐந்து தலைமுறைகளுக்குப் பின்னர் முன்னதில் சுமார் 95 விழுக்காடு எஞ்சும். பின்னதில் சுமார் 59 விழுக்காடே எஞ்சும். நூறாண்டுகளின் முடிவில் 90 விழுக்காட்டைக் காத்தல் என்பது உலகப் பூங்காக்கள் பரவலாக ஏற்றுள்ள இலக்கு. தனியொரு பூங்காவால் இதனை எய்துதல் அரிது. பல பூங்காக்களின் விலங்குகளை ஒரே மந்தையாகக் கருதி, வம்சாவளிப் பதிவேட்டின் துணையோடு இணைகளைத் தேர்ந்தால்தான் இது இயலும்.

வெள்ளைப் புலியின் வரலாறு இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. ரேவாப் பகுதிக் காட்டில் 1951ஆம் ஆண்டு பிடிபட்ட 'மோகன்' என்ற புலி, தன் மகளுடனேயே இணைசேர்க்கப்பட்டு, 1958ஆம் ஆண்டில் வெண்ணிறக் குட்டிகள் பிறந்தன. வெள்ளைப் புலி தனி இனமன்று. அரிதாக வெளிப்படும் ஒரு மரபுக்கூறின் விளைவே அந்நிறம். மக்களைக் கவரும் அந்நிறத்தை நிலைநிறுத்த நெருங்கிய உறவிலேயே இனப்பெருக்கம் செய்ய நேர்ந்தது. வருவாய் வளர்ந்தது, பன்மை குன்றியது.

பதிவேடு பேணாமையின் விளைவைச் சிங்கங்களிடம் காணலாம். சண்டீகர் அருகிலுள்ள சத்பீர் பூங்காவில் ஆசியச் சிங்கங்களும் ஆப்பிரிக்க வழிச் சிங்கங்களும் கலந்து பெருகின. இறுதியில் அக்கலப்பினங்களின் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பூங்காக்களில் ஆசிய இனமெனப் பேணப்பட்டவற்றிலும் ஆப்பிரிக்கக் கலப்பு இருந்ததை 1987ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய இழப்பைப் பின்னர்ப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது.

தலைமையின் பங்கு

விலங்கின் ஒரு தலைமுறை பல ஆண்டுகள் நீள்வது. அதிகாரியின் பதவிக்காலமோ அதனினும் குறுகியதாக அமைவதுண்டு. இவ்விடைவெளியை நிரப்புவதே தலைமையின் கடமை. அலிப்பூர்ப் பூங்காவின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ராம் பிரம்ம சன்யால் இதற்கு முன்னோடி. அங்கு 1889ஆம் ஆண்டு சுமத்ரா காண்டாமிருகம் ஒன்று பிறந்தது. அடைப்பில் இணைசேர்ந்து மீண்டும் அவ்வினம் வெற்றியுடன் ஈன 112 ஆண்டுகளாயின. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பூங்காவில் அது நிகழ்ந்தது. தாம் கண்டறிந்தவற்றைச் சன்யால் 1892ஆம் ஆண்டில் நூலாக்கியது, அவ்வனுபவம் அவரோடு மறையாமல் நிற்கச் செய்தது.

தலைமை என்பது இயக்குநர் ஒருவரை மட்டும் குறிப்பதன்று. விலங்கு உண்ணாமல் விட்ட தீனியை முதலில் கவனிப்பவர் பராமரிப்பாளர். நோயை அறிபவர் கால்நடை மருத்துவர். இணையைத் தேர்பவர் உயிரியலாளர். பார்வையாளருக்கு விளக்குபவர் கல்வி அலுவலர். இப்பன்முக அறிவைக் கேட்டு, பதிவு செய்து, முடிவாக்குவதே நல்ல தலைமை. நிர்வாகத் தொடர்ச்சிக்கு அமைப்பும் துணைபுரியும். கர்நாடகம் 1979ஆம் ஆண்டிலேயே பூங்காக்களுக்கெனத் தனி ஆணையத்தை நிறுவியது குறிப்பிடத்தக்கது.

திட்டத்தின் பயன்

டார்ஜிலிங்கில் உள்ள பத்மஜா நாயுடு இமாலய உயிரியல் பூங்கா சிவப்புப் பாண்டாவைத் தேர்ந்து, ஐரோப்பியப் பூங்காக்களிலிருந்தும் விலங்குகளைப் பெற்று, பதிவேட்டின் அடிப்படையில் பெருக்கியது. அங்குப் பிறந்த இரு பெண் பாண்டாக்கள் 2003ஆம் ஆண்டில் சிங்கலிலா தேசியப் பூங்காவில் விடப்பட்டன. எண்ணிக்கை சிறிதே; ஆயினும் கூண்டிலிருந்து காட்டிற்கு வழியுண்டு என்பதை அது மெய்ப்பித்தது.

பூங்காக்களுக்கு நீண்டகாலப் பெருந்திட்டம் வேண்டும் என 2009ஆம் ஆண்டின் விதிகள் பணிக்கின்றன. 2021 முதல் 2031 வரையிலான தொலைநோக்குத் திட்டத்தையும் ஆணையம் வகுத்துள்ளது. எனினும், திட்டம் சுற்றுச்சுவர், நடைபாதை, உணவகம் ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது. எந்த இனங்களை வைத்திருப்பது, எவற்றை விட்டுவிடுவது, எந்தப் பூங்காவோடு விலங்குகளைப் பரிமாறிக்கொள்வது என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். ஆண்டறிக்கையில் பார்வையாளர் எண்ணிக்கையை அடுத்து, வம்சாவளி அறியப்பட்ட விலங்குகள் எத்தனை, இணையின்றித் தனித்திருப்பவை எத்தனை, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் எத்தனை பேர் என மூன்று வினாக்களுக்கு விடையளிப்பதை வழக்கமாக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. நிதி ஒதுக்கும் அலுவலர்கள் இவ்விடைகளைக் கேட்கத் தொடங்கினால், பூங்காக்களும் அவற்றைத் தேடத் தொடங்கும்.