பெய்ஜிங் வெயில், சென்னை ஜன்னல்

கையில் காசுள்ளவன் கிழக்கு அறையிலும் தெற்கு அறையிலும் குடியிருக்க மாட்டான் என்று பழைய பெய்ஜிங்வாசிகள் சொல்வதுண்டு. குளிர்காலத்தில் கதகதப்பு இராது, கோடையில் குளுமையும் இராது என்பது அவர்கள் சொல்லும் காரணம். தெற்கு பார்த்த வீடே உத்தமம் என்று சீனர்களின் மனை சாஸ்திரமான ஃபெங் சுயி அடித்துச் சொல்லும் ஊரில் தெற்கு அறைக்கு மட்டும் ஏன் இந்த அவப்பெயர்?

சிஹேயுவான் எனப்படும் அந்த ஊர் முற்றத்து வீட்டுக்குள் போனால் விளங்கிவிடும். நடுவில் முற்றம், நாலு பக்கமும் அறை வரிசைகள். ஜன்னல்கள் முற்றத்தைத்தான் பார்க்கும். தெருப்பக்கம் பெரும்பாலும் மொட்டைச் சுவர். ஆகவே வடக்கு வரிசைக்கு முகம் தெற்கு. வீட்டுப் பெரியவர்கள் இருப்பது அங்கே. தெற்கு வரிசைக்கு முகம் வடக்கு, அதனால் குளிர்காலம் முழுக்க வெயில் எட்டியே பார்க்காது. வேலையாட்களுக்கும் வந்துபோகும் விருந்தாளிகளுக்கும் அதை ஒதுக்கினார்கள். கிழக்கு வரிசை மேற்கைப் பார்ப்பதால் கோடையின் பிற்பகல் வெயிலை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். குடும்பத்தில் யாருக்கு என்ன மரியாதை என்பதை அவரவர் அறையில் விழும் வெயிலை வைத்தே சொல்லிவிடலாம்.

பெய்ஜிங் ஏறத்தாழ 40 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 27 டிகிரிக்கு மேல் ஏறாது. ஜூனில் 73 டிகிரி வரை போகும். இந்த வித்தியாசத்தைக் கூரை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூரை விளிம்பு, சுவரைத் தாண்டி 1 மீட்டர் வெளியே நீண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜன்னலும் உயரமானது. குளிர்கால நண்பகலில் அந்த விளிம்பை உரசிக்கொண்டு வரும் கதிர், தெற்கு ஜன்னல் வழியே நுழைந்து, அறைக்குள் கிட்டத்தட்ட 5 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். கோடை நண்பகலில் அதே விளிம்பை உரசும் கதிர் 90 சென்டிமீட்டருக்குள் செங்குத்தாக இறங்கிவிடும். சுவரைத் தொடவே 10 சென்டிமீட்டர் பாக்கி! வேண்டும்போது வெயில், வேண்டாதபோது நிழல். அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது.

இதோடு சைபீரியப் பக்கமிருந்து வரும் குளிர்காலக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கே கனத்த சுவரோ மலையோ இருக்க வேண்டும், தெற்கே திறந்திருக்க வேண்டும் என்ற ஃபெங் சுயி விதியில் பாதிக்கு மேல் இங்கேயே புரிந்துவிடும். 'சி' என்ற உயிராற்றல் காற்றில் சிதறாமல் தங்க வேண்டும் என்றார்கள் ஆசான்கள். அந்த ஆற்றலை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் காட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தால் ஜனவரியில் உடம்பு நடுங்காது. எனக்கு அது போதும்.

இன்றைய சீனாவிலும் இது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை. 'பெருங்குளிர்' என்று அவர்களின் நாட்காட்டி குறிக்கும் நாள், ஜனவரி 20 வாக்கில் வரும். வடக்கு, நடுச் சீனப் பெருநகரங்களில் அந்த நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது 2 மணி நேரம் வெயில் விழும்படி கட்டடங்களுக்கு இடைவெளி விட வேண்டும் என்கிறது அரசின் திட்ட விதி. பெய்ஜிங்கின் அடுக்குமாடிகள் தெற்கைப் பார்த்து வரிசை வரிசையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்கே வந்தால் கதை மாறுகிறது. அன்ஹுய் மாகாணத்தின் பழைய ஹுய்சோ வீடுகளில், 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஹோங்சுன் கிராமம் உட்பட, அகன்ற முற்றம் கிடையாது. உயரமான சுவர்களுக்கு நடுவே கிணறு போல ஒரு திறப்பு மட்டும் இருக்கும். அந்தத் திறப்பைச் செல்வத்தோடு சேர்த்துப் பேசுகிறது ஃபெங் சுயி. இயற்பியலும் அதைக் குறை சொல்லாது: முழுக்க மேகம் மூடிய வானில், அடிவானத்தைவிட உச்சிவானம் சுமார் மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். பக்கவாட்டு ஜன்னலைவிட உச்சியைப் பார்க்கும் சின்னத் திறப்பு மேல். சுட்டெரிக்கும் வெயிலும் அதிகம் உள்ளே வராது.

கிழக்கு ஜன்னலுக்கு ஃபெங் சுயி தரும் மதிப்புக்கு உயிரியல் ஆதரவு உண்டு. விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், உடலின் கடிகாரத்தைத் திருத்துவதற்கென்றே ஒளியை உணரும் செல்கள் இருப்பதை 2002-இல் டேவிட் பெர்சன், சாமர் ஹட்டார் ஆகியோரின் குழுக்கள் காட்டின. இவை நீலம் கலந்த ஒளிக்கு அதிகம் அசைந்து கொடுப்பவை. டியூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) கிடைத்தால் அதிகம். மேகமூட்டமான பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் தேறும். காலையில் ஜன்னலோரம் காபி குடிப்பவருக்கு இரவில் நேரத்தோடு தூக்கம் வர இது உதவும். வைட்டமின் டி கிடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். அதற்கான புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும்.

கடைகளில் விற்கும் ஸ்படிக உருண்டைகள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. ஜன்னலில் தொங்கும் உருண்டை ஒளியைக் கூட்டாது. வழவழப்பான கண்ணாடி உருண்டை என்றால் வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடவும் கூடும். முகம் பார்க்கும் கண்ணாடி வேறு ரகம். ஹாங்காங்கில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-இல் முடிந்த எச்எஸ்பிசி தலைமையகத்துக்கு ஃபெங் சுயி ஆலோசனையும் கேட்கப்பட்டது. அதன் தெற்குப் பக்கக் கண்ணாடி வரிசை வெயிலைப் பிடித்துக் கட்டடத்தின் நடுக்கூடத்துக்குள் திருப்பிவிடுகிறது. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளை அடித்தால் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதம் அறை முழுக்கப் பரவும்.

சரி, இந்த விதிகளை நம் ஊருக்கு எடுத்து வரலாமா? சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. மார்கழியிலும் நண்பகல் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே 1 மீட்டர் சன்ஷேடு வைத்தால் தெற்கு ஜன்னல் வழியே வெயில் நாலடிதான் உள்ளே வரும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. சிங்கப்பூரிலோ வருஷத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு. ஃபெங் சுயி பார்க்கும் சீனக் குடும்பங்கள் நிறைந்த அந்த ஊரிலும், வீடு பார்க்க வருகிறவர்கள் மேற்கு வெயில் அடிக்குமா என்று விசாரிக்காமல் போவதில்லை. அந்நாட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் முடிந்தவரை அடுக்குமாடிகளின் நீளப் பக்கங்களை வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படிதான் திருப்பி வைக்கிறது.

மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு அதை மறைக்காது. சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் மாடிப்படி, குளியலறை, அலமாரிச் சுவர் ஆகியவற்றை மேற்கே தள்ளிவிடலாம். கட்டி முடித்த வீடானால் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டலாம். திரைச்சீலை உள்ளே தொங்கினால், வெயில் அதை எட்டும் முன்பே வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும்.