காக்கியும் குடும்பமும் – 11
தடுப்புக்கு இந்தப் பக்கம்

2025 நவம்பர் முதல் வாரம். ஓசூர் பக்கம் உத்தனப்பள்ளியை அடுத்த நாகமங்கலம் பகுதியில், ஆலைப் பெண்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா சிக்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வந்து விடிய விடியப் போராடினார்கள். நியாயமான கோபம். உடன் தங்கியிருந்த பெண் ஒருவரும் அவருடைய ஆண் நண்பரும் கைதானார்கள். அந்த இரவு தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற போலீசாரைப் பற்றித்தான் இந்த வாரம்.

ராகியும் தக்காளியும் விளையும் ஊர் இது. வரப்புத் தகராறும் குடும்பச் சண்டையுமாக ஓடிய ஸ்டேஷன் வேலை, தொழிற்சாலைகள் வந்தபின் தலைகீழானது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மறுத்து விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள், அதற்கும் பந்தோபஸ்து. ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த பெண் அழுதுகொண்டே புகார் சொன்னால், தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்த ஏட்டுகூடத் திணறத்தான் வேண்டும். ராகி அறுவடை தொடங்கினால் சானமாவு காட்டுக்கு யானைகள் வந்துவிடும். விரட்டுவது வனத்துறை, வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தை விரட்டுவது போலீஸ்.

இத்தனைக்கும் நேரம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலிருந்துதான். இந்தியப் போலீசார் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்கிறது 'காமன் காஸ்' அமைப்பும் லோக்நீதியும் 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கை. திருடனையும் ரவுடியையும் எதிர்பார்த்துத்தான் வேலைக்கு வருகிறார்கள். மகளின் காதுகுத்துக்கு விடுப்புக் கேட்டு, "பந்தோபஸ்து முடியட்டும், பார்க்கலாம்" என்ற பதிலோடு வீட்டுக்குப் போவதற்கு எந்தப் பயிற்சிப் பள்ளியும் தயார்ப்படுத்துவதில்லை.

வார ஓய்வு தரச் சொல்லி 2021இல் டி.ஜி.பி. சைலேந்திர பாபு சுற்றறிக்கை அனுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் அரசாணையும் வந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று ஒரு காவலரே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட வேண்டியிருந்தது! ஸ்டேஷனில் ஆள் இல்லாதபோது அரசாணையை வைத்து என்ன செய்வது?

ஆலைப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், விஷயம் கலெக்டர் வரை நகர்ந்தது. போலீசார் அப்படி உட்கார முடியாது. போலீசாரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றிச் சங்கத்தில் சேர்வதே குற்றம். போலீசாரின் மனச்சுமையைக் குறைக்க, ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸின் துணையோடு 2018இல் 'நிறைவாழ்வு' பயிற்சி தொடங்கினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் தூக்கமில்லாதவனுக்கு முதலில் தேவை தூக்கம். மூச்சுப்பயிற்சி பிறகு வரட்டும்.

சட்டமன்றத்தில் போலீஸ் மானியக் கோரிக்கை வரும்போது உங்கள் எம்.எல்.ஏ.விடம் ஒன்று கேளுங்கள்: நம்ம ஸ்டேஷனில் போன மாதம் எத்தனை பேர் வார ஓய்வு எடுத்தார்கள்? அந்தக் கணக்கைக் கூடி உட்கார்ந்து கேட்கும் உரிமை போலீசாருக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.

(தொடரும்)